காய்ச்சலுக்குப் பழகிய உடல்கள்

2004 ஆம் ஆண்டின் கடல்கோள் இலங்கையில் ஏறத்தாழ 35 ஆயிரம் உயிர்களைக் காவுகொண்டது. அந்தப் பேரழிவை நாம் ஆண்டுதோறும் நினைவுகூருகிறோம். ஆனால், அதைப்போல் இரு மடங்குக்கும் அதிகமான மக்களை இதே தீவில் ஒரு காய்ச்சல் கொன்றொழித்த வரலாறு இன்றைய தலைமுறையினரில் பலருக்குத் தெரியாது. 1934 ஆம் ஆண்டு ஒக்டோபரில் தொடங்கி 1935 ஆம் ஆண்டு முழுவதும் நீடித்த மலேரியாக் கொள்ளைநோயில் சுமார் 80 ஆயிரம் பேர் இறந்தனர். அப்போது தீவின் மொத்த மக்கள்தொகை ஏறத்தாழ 55 இலட்சம். அவர்களில் 15 இலட்சம் பேர் வரை காய்ச்சலில் வீழ்ந்தனர் என மதிப்பிடப்பட்டது.

அந்தக் கொள்ளைநோயின் அரசியல் விளைவுகள் பற்றி நம்மவர்கள் நிறையவே எழுதியிருக்கிறார்கள். சூரிய மல் இயக்கத்தைச் சேர்ந்த இளைஞர்கள் கேகாலைக் கிராமங்களுக்கு மருந்தும் உணவும் சுமந்து சென்றதும், பருப்பு வழங்கிய என்.எம்.பெரேராவை மக்கள் ‘பருப்பு மாத்தயா’ என்று அழைத்ததும், 1935 டிசெம்பரில் லங்கா சமசமாஜக் கட்சி உதயமானதும், அடுத்த ஆண்டுத் தேர்தலில் ருவான்வெல்லையில் என்.எம்.பெரேராவும் அவிசாவளையில் பிலிப் குணவர்த்தனவும் வென்றதும் யாவரும் அறிந்த செய்திகள். நான் இங்கு எழுத விரும்புவது அதுபற்றியல்ல. அந்தக் கொள்ளைநோய் எழுப்பிய மருத்துவக் கேள்வி ஒன்று பற்றியும், அதற்கு விடைதேடி உலகம் நடந்துவந்த நீண்ட பாதை பற்றியுமே எழுத விரும்புகிறேன்.

கேள்வி இதுதான். மலேரியா என்றால் அக்காலத்தில் எவருக்கும் நினைவில் வருவது வன்னியும் அநுராதபுரமும் போன்ற உலர் வலயப் பிரதேசங்கள்தான். யாழ்ப்பாணத்திலிருந்து வன்னிக்கு இடமாற்றம் கிடைத்த ஆசிரியர்களும் அரசாங்க உத்தியோகத்தர்களும் அதைத் தண்டனையாகவே கருதினார்கள். அங்கே காய்ச்சல் ஆண்டு முழுவதும் இருந்தது. அப்படியிருக்க, 1934 ஆம் ஆண்டின் கொள்ளைநோய் மிகக் கொடூரமாகத் தாக்கியது உலர் வலயத்தை அல்ல. கேகாலை, குருநாகல் போன்ற மாவட்டங்களில், மகா ஓயாவும் தெதுறு ஓயாவும் பாயும் செழிப்பான பள்ளத்தாக்குகளில்தான் மரணம் குவிந்தது. காய்ச்சலின் தாயகமான உலர் வலயம் ஒப்பீட்டளவில் குறைந்த பாதிப்புடன் தப்பிக்கொண்டது. ஏன்?

விடையின் முதற்பாதி எளிதானது. 1934 இல் தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. வழக்கமாகப் பெருக்கெடுத்தோடும் ஆறுகள் வற்றி, மணற்படுகைகளில் வெயில் விழும் சிறு குட்டைகளாகத் தேங்கின. ‘அனோபிலிஸ் குலிசிபேசிஸ்’ என்னும் நுளம்பு முட்டையிட விரும்பும் இடம் அதுவேதான். மழை பெய்தால் அள்ளுண்டு போகும் குடம்பிகள், மழை இல்லாமையால் கோடிக்கணக்கில் பெருகின. நுளம்பு பெருகியதால் நோய் பரவியது.

ஆனால், நோய் பரவியதற்கும் நோய் கொன்றதற்கும் இடையே ஒரு வேறுபாடு உண்டு. உலர் வலயத்தில் நுளம்பு குறைவாகவா இருந்தது? இல்லை. அங்கே வளர்ந்து பெரியவர்களானோரின் உடல்கள் அந்தக் கிருமியை ஏற்கெனவே அறிந்திருந்தன. கேகாலைக் கிராமவாசியின் உடலோ அதை அறிந்திருக்கவில்லை. விடையின் இரண்டாவது பாதி இந்த ‘அறிதல்’ என்ற சொல்லிலே அடங்கியிருக்கிறது. அது என்ன அறிதல், உடலின் எந்தப் பகுதி அதை அறிகிறது என்பதைக் கண்டறிய மருத்துவ உலகத்துக்கு மேலும் அரை நூற்றாண்டுக்கு மேல் தேவைப்பட்டது.

கொக் கண்ட உண்மை

மலேரியாக் கிருமியை முதன்முதலில் கண்டவர் பிரெஞ்சு இராணுவ வைத்தியர் அல்போன்ஸ் லவெரான். 1880 ஆம் ஆண்டு அல்ஜீரியாவில் நோயாளியொருவரின் இரத்தத்தில் அதை அவர் கண்டார். 1897 ஆம் ஆண்டு ஓகஸ்ட் 20 ஆம் திகதி செகந்திராபாத்தில் ரொனால்ட் ரொஸ், நுளம்பின் குடலில் அதே கிருமியின் வளர்ச்சியைக் கண்டார். இருவரும் நோபல் பரிசு பெற்றனர். அந்தக் கதை பாடப்புத்தகங்களில் உள்ளது.

பாடப்புத்தகங்களில் அதிகம் இடம்பெறாத கதை ஜேர்மனியரான றொபேட் கொக்கினுடையது. காசநோய்க் கிருமியைக் கண்டறிந்த அதே கொக், 1899 இலும் 1900 இலும் ஜாவாவுக்கும் அப்போது ஜேர்மனியின் வசமிருந்த நியூகினிக்கும் சென்றார். கிராமம் கிராமமாக இரத்தம் எடுத்துப் பரிசோதித்தார். மலேரியா மலிந்த கிராமங்களில் கைக்குழந்தைகளின் இரத்தத்தில் கிருமி நிறைந்திருந்தது. வயது ஏற ஏறக் கிருமி குறைந்தது. வளர்ந்தோரிடம் அது ஏறக்குறைய இல்லையெனலாம். அதேவேளை வெளியூரிலிருந்து கொண்டுவரப்பட்ட தோட்டத் தொழிலாளர்கள், வயது முதிர்ந்தவர்களாயினும், வந்த சில மாதங்களிலேயே கடும் காய்ச்சலில் வீழ்ந்தனர். சில ஆண்டுகள் அங்கே உயிர்தப்பி வாழ்ந்தவர்களை மட்டும் நோய் பெரிதாகத் தீண்டவில்லை.

கொக்கின் முடிவு தெளிவானது. மலேரியாவுக்கு எதிரான நிர்ப்பீடனம் என்று ஒன்று உண்டு. அது பிறப்போடு வருவதன்று. திரும்பத் திரும்ப நோயுற்றுச் சம்பாதிப்பது. அம்மை நோய் ஒருமுறை வந்தால் ஆயுள் முழுவதும் காக்கும். மலேரியாவோ பல ஆண்டுகள் பலமுறை வந்தபின்னரே ஓரளவு காக்கும். அந்தக் காப்பும் முழுமையானதன்று. அல்ஜீரியாவில் பணியாற்றிய எட்மன்ட் சேர்ஜன்ட் பின்னர் இந்த நிலைக்குத் தனிப்பெயரே சூட்டினார். உடலில் சிறிதளவு கிருமி தங்கியிருக்கும்வரை புதிய தொற்று பெரிதாகத் தாக்காது என்பதே அவரது விளக்கம். பாதிக்கப்பட்ட பிரதேசத்தை விட்டு நீங்கிச் சில ஆண்டுகள் வேறிடத்தில் வாழ்ந்தால் அந்தக் காப்புத் தேய்ந்துவிடும்.

இந்தக் காப்புக்குக் கொடுக்கப்பட்ட விலையையும் சொல்லியாக வேண்டும். உலர் வலயத்துப் பெரியவர்கள் கொள்ளைநோய்க்குத் தப்பினார்கள் என்றால், அதற்கு முன்னரே அவர்களுடன் பிறந்தவர்களில் பலர் ஐந்து வயதுக்கு முன் மாண்டிருந்தார்கள். மண்ணீரல் வீங்கிய வயிறும் சோகையால் வெளுத்த முகமுமாக வளர்ந்த பிள்ளைகளே அந்த நிர்ப்பீடனத்தின் சொந்தக்காரர்கள். கேகாலை ஒரே ஆண்டில் செலுத்திய கடனை அநுராதபுரமும் வன்னியும் தலைமுறை தலைமுறையாகத் தவணைமுறையில் செலுத்திவந்தன என்பதே சரி.

கம்பியாவில் ஒரு பரிசோதனை

சம்பாதித்த நிர்ப்பீடனம் உடலில் எங்கே குடியிருக்கிறது? முதல் விடை 1961 இல் மேற்கு ஆபிரிக்காவின் கம்பியாவிலிருந்து வந்தது. சிட்னி கோஹன், இயன் மக்கிரேகர் ஆகியோர் தலைமையிலான குழு, பலமுறை மலேரியாவைக் கண்டு தேறிய வளர்ந்தோரின் இரத்தத்திலிருந்து பிறபொருளெதிரிகளைப் பிரித்தெடுத்தது. கடும் மலேரியாவால் துன்புற்ற குழந்தைகளுக்கு அவை ஊசிமூலம் ஏற்றப்பட்டன. சில நாட்களுக்குள் அக்குழந்தைகளின் இரத்தத்திலிருந்த கிருமிகள் பெருமளவில் மறைந்தன.

மிகத் தெளிவான பரிசோதனை அது. ஒருவரின் காப்பை இன்னொருவருக்கு மாற்றிக் கொடுக்கலாம் என்று காட்டியதால், மலேரியாவை வெல்வது பிறபொருளெதிரிகளே என்று பலரும் எண்ணினர். ஆனால், அது பாதி உண்மை மட்டுமே. ஏனெனில், மலேரியாக் கிருமி எப்போதும் இரத்தத்தில் இருப்பதில்லை.

கிருமியின் பயணத்தைச் சற்று விளக்க வேண்டும். நுளம்பு கடிக்கும்போது அதன் உமிழ்நீருடன் ஒரு சில பத்துக் கிருமிகளே பெரும்பாலும் தோலினுள் இறங்குகின்றன. நூல்போன்ற இந்த வடிவத்துக்கு ஸ்போரோசொயிட் என்று பெயர். இவை இரத்தத்தினூடாக ஈரலை அடைந்து, ஈரல் கலம் ஒன்றினுள் புகுந்து ஒளிந்துகொள்கின்றன. ஹென்றி ஷோட், பேர்சி கார்ன்ஹம் என்னும் இரு பிரித்தானியர் 1948 இல்தான் இந்த ஈரல் கட்டத்தைக் கண்டுபிடித்தனர். லவெரான் கிருமியைக் கண்டு 68 ஆண்டுகள் கழிந்த பின்னரே, அது ஒரு வாரகாலம் எங்கே மறைந்திருக்கிறது என்பது தெரியவந்தது. அந்த ஒரு வாரத்தில் நோயாளிக்குக் காய்ச்சலும் இல்லை, தலைவலியும் இல்லை. ஒவ்வொரு கிருமியும் ஈரலில் பல்லாயிரமாகப் பெருகி வெளியே வந்து செங்குழியங்களைத் தாக்கத் தொடங்கும்போதே குளிரும் நடுக்கமும் ஆரம்பிக்கின்றன.

பிறபொருளெதிரி என்பது இரத்தத்திலும் உடற்பாய்மங்களிலும் மிதந்து திரியும் புரதம். கலத்தின் சுவருக்கு வெளியே நிற்கும் கிருமியை அது பற்றிக்கொள்ளும். கலத்தினுள் கதவைச் சாத்திக்கொண்ட கிருமியை அது நெருங்கமுடியாது. அப்படியானால் ஈரலினுள் ஒளிந்த கிருமியைப் பிடிப்பது யார்?

குன்னூரும் கொழும்பும் நியூயோர்க்கும்

இந்தக் கேள்விக்கான விடையின் முதல் நூல்முனை தமிழகத்தின் நீலகிரி மலையில் கிடைத்தது என்பது நம்மில் பலரும் அறியாத செய்தி. குன்னூரிலுள்ள பஸ்தேர் நிறுவனத்தில் 1941 இல் முல்லிகன், போல் ரசல், மோகன் ஆகிய மூவர், கோழிகளைத் தாக்கும் மலேரியாக் கிருமியின் ஸ்போரோசொயிட் வடிவத்தைப் புறஊதாக் கதிரால் வலுவிழக்கச் செய்து கோழிகளுக்கு ஊசியேற்றினார்கள். பின்னர் உயிருள்ள கிருமி கொடுக்கப்பட்டபோது அக்கோழிகளில் கணிசமானவை நோயைத் தாங்கி நின்றன. நோயை உண்டாக்காமலே நிர்ப்பீடனத்தை உண்டாக்கலாம் என்பதற்கான தொடக்ககாலச் சான்றுகளில் அது முக்கியமானது.

கோழி மலேரியாவுக்கும் இலங்கைக்கும் ஒரு தொடர்பு உண்டு. உலகின் ஆய்வுகூடங்களில் நெடுங்காலம் பயன்பட்ட அக்கிருமியின் வகைகளுள் ஒன்று, 1936 இல் இலங்கைக் கோழியொன்றிலிருந்து எடுக்கப்பட்டதாகும். பல்லாயிரம் மனிதரை மலேரியா கொன்று ஓய்ந்த உடனடுத்த ஆண்டில், இலங்கைக் கோழியொன்றின் இரத்தம் அறிவியலுக்கு உதவப் புறப்பட்டது.

போர் மூண்டது. டி.டி.ரி. வந்தது. நுளம்பைக் கொன்றாலே போதும் என்ற நம்பிக்கையில் நிர்ப்பீடன ஆய்வு பின்தள்ளப்பட்டது. அதை மீண்டும் கையிலெடுத்தவர் ரூத் நுஸன்ஸ்வைக் என்ற பெண்மணி. வியன்னாவில் யூதக் குடும்பத்தில் பிறந்து, நாசிகளுக்குத் தப்பிப் பிரேசிலில் அடைக்கலம் புகுந்து, மருத்துவம் கற்றுப் பின்னர் நியூயோர்க் சென்றவர். 1967 இல் அவரும் சகாக்களும் எக்ஸ் கதிர் பாய்ச்சிய ஸ்போரோசொயிட்டுகளை எலிகளுக்கு ஏற்றினர். அந்தக் கிருமிகள் ஈரலை அடைந்தன, கலத்தினுள் புகுந்தன, ஆனால் பெருகமுடியாமல் அங்கேயே முடங்கின. அதன்பின் அந்த எலிகளுக்கு உயிருள்ள கிருமி கொடுக்கப்பட்டபோது பெரும்பாலானவை நோயுறவில்லை. 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் மேரிலண்டில் டேவிட் கிளைட் என்ற வைத்தியர், தாமாக முன்வந்த சிறைக்கைதிகளைக் கதிர்பாய்ச்சிய நுளம்புகள் நூற்றுக்கணக்கில் கடிக்கச்செய்து, மனிதரிலும் இது சாத்தியம் என்று காட்டினார். கைதிகளை இவ்வாறு பயன்படுத்தலாமா என்ற கேள்வி அக்காலத்தில் உரத்து எழவில்லை. இன்று எழும். எழவும் வேண்டும்.

ரி-கலங்கள் மேடைக்கு வருகின்றன

இவ்விடத்தில் கதை வேறொரு கிளையுடன் இணைகிறது. நெஞ்செலும்பின் பின்னால் உள்ள தைமஸ் என்னும் சிறிய உறுப்பு எதற்குப் பயன்படுகிறது என்பது 1960 வரை எவருக்கும் தெரியாது. அது பயனற்ற மிச்சம் என்றே கருதப்பட்டது. லண்டனில் பணியாற்றிய ஜாக் மில்லர் 1961 இல் பிறந்த எலிக்குஞ்சுகளின் தைமஸை அகற்றிப் பார்த்தார். அவற்றின் உடல் அந்நியத் தோலைக்கூட அந்நியமென்று உணரவில்லை. நிணநீர்க்குழியங்களில் ஒருவகை இந்த உறுப்பிலேயே பயிற்சி பெறுகின்றது என்பது தெளிவாயிற்று. தைமஸின் ஆங்கில முதலெழுத்தைக் கொண்டு அவை ரி-கலங்கள் எனப்பட்டன. பிறபொருளெதிரிகளை உற்பத்தி செய்யும் மற்ற வகை பி-கலங்கள் எனப்பட்டது.

1977 இல் அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு தீர்க்கமான சோதனை செய்தனர். பி-கலங்கள் இல்லாத, அதாவது பிறபொருளெதிரியை உண்டாக்கமுடியாத எலிகளுக்குக் கதிர்பாய்ச்சிய கிருமிகளை ஏற்றினர். அந்த எலிகள் மலேரியாவைத் தாங்கி நின்றன. ரி-கலங்கள் இல்லாத எலிகளோ தாங்கவில்லை. பிறபொருளெதிரி இல்லாமலும் காப்பு உண்டு, ரி-கலம் இல்லாமல் காப்பு இல்லை என்பதே அதன் பொருள்.

எந்த ரி-கலம் என்பது பத்து ஆண்டுகளின் பின் தெரிந்தது. ரி-கலங்களில் பல பிரிவுகள் உண்டு. சி.டி.4 என்று குறிக்கப்படுபவை மற்றக் கலங்களுக்கு உத்தரவும் உதவியும் வழங்குபவை. சி.டி.8 என்பவை நேரடியாகக் கொல்பவை. 1987 இல் நியூயோர்க்கில் லூயி ஸ்கோஃபீல்ட், நுஸன்ஸ்வைக் தம்பதியர் உள்ளிட்ட குழுவும், அடுத்த ஆண்டில் வேறொரு அமெரிக்கக் குழுவும், காப்புப் பெற்ற எலிகளிலிருந்து சி.டி.8 கலங்களை மட்டும் நீக்கிப் பார்த்தன. காப்பு மறைந்தது. 1989 இல் ஒரே மூலத்திலிருந்து பெருக்கப்பட்ட சி.டி.8 கலங்களை வேறு எலிகளுக்கு ஏற்றியபோது அவை மட்டுமே காப்பளிக்கப் போதுமாயிருந்தன. கம்பியாவில் பிறபொருளெதிரிகள் பெற்ற வெற்றியை, இப்போது கலங்கள் பெற்றன.

அவை எவ்வாறு கொல்கின்றன? நமது உடலின் ஏறக்குறைய எல்லாக் கலங்களும் தம்முள் இருக்கும் புரதங்களின் சிறு துண்டுகளைத் தமது மேற்பரப்பில் ஏந்திக் காட்டிக்கொண்டிருக்கின்றன. ஒவ்வொரு வீட்டுக்காரரும் உள்ளே யார் இருக்கிறார்கள் என்ற பட்டியலை வாசலில் மாட்டிவைப்பதைப் போன்றது இது. நம் நாட்டில் சுற்றிவளைப்புக் காலங்களில் வாழ்ந்தவர்களுக்கு இந்த உவமையை விளக்கவேண்டியதில்லை. ரி-கலம் வாசல் வாசலாகச் சென்று பட்டியலை வாசிக்கிறது. அந்நியப் பெயர் இருந்தால், அந்தக் கலத்தையே அழிக்கிறது, அல்லது இன்ரபெரோன் காமா என்ற பொருளைச் சுரந்து உள்ளிருக்கும் கிருமியை அழிக்கவைக்கிறது. கலத்தின் வாசலில் காட்டப்படும் துண்டை மட்டுமே ரி-கலம் வாசிக்கிறது என்று 1974 இல் கண்டறிந்த பீட்டர் டொஹேட்டி, ரொல்ஃப் சிங்கர்நாகல் ஆகியோருக்கு 1996 இல் நோபல் பரிசு கிடைத்தது.

ஆனால், செங்குழியத்துக்குக் கரு இல்லை. இந்தப் பட்டியலை மாட்டும் வசதியும் அதற்கு இல்லை. எனவே கிருமி செங்குழியத்தினுள் புகுந்துவிட்டால் சி.டி.8 கலம் பெரும்பாலும் குருடாகிவிடுகிறது. முதிராத செங்குழியங்களை மட்டும் தாக்கும் வைவாக்ஸ் வகை மலேரியாவில் இதற்கு விதிவிலக்கு உண்டென்று 2018 இல் கண்டறியப்பட்டது. பொதுவிதியோ இதுதான்: ஈரலில் ரி-கலமே முதன்மைக் காவலன், இரத்தத்தில் பிறபொருளெதிரி. அந்தப் பிறபொருளெதிரியைத் தரமாக உற்பத்தி செய்யவும் சி.டி.4 கலங்களின் உதவி தேவை. எச்.ஐ.வி. தொற்றால் சி.டி.4 கலங்கள் குறைந்துபோன ஆபிரிக்க நோயாளிகளில் மலேரியா அடிக்கடி வருவதை 2000 ஆம் ஆண்டில் உகண்டாவில் நடந்த ஆய்வு காட்டியமை இதற்குச் சான்று.

எலியில் கண்டது மனிதனில் உண்மையா? 1991 இல் ஒக்ஸ்போர்ட்டைச் சேர்ந்த ஏட்ரியன் ஹில் குழுவினர் கம்பியக் குழந்தைகளில் விடை தேடினர். வாசலில் துண்டுகளை ஏந்திக்காட்டும் மூலக்கூறுகள் ஆளுக்கு ஆள் வேறுபடுபவை. அவற்றில் எச்.எல்.ஏ. பி53 என்ற வகையைப் பெற்ற குழந்தைகள் கடும் மலேரியாவுக்கு ஆளாவது குறைவாக இருந்தது. சி.டி.8 கலங்களுக்குக் கிருமியின் துண்டைக் காட்டும் வகை அது. மேற்கு ஆபிரிக்காவில் இந்த வகை மிகப் பரவலாகவும் ஐரோப்பாவில் அரிதாகவும் இருப்பது, மலேரியா தலைமுறைகளைச் சலித்தெடுத்ததன் தடயம் எனக் கருதப்படுகிறது.

இன்னொரு சிக்கலும் இருந்தது. மனித ஈரலில் இருக்கும் கலங்கள் பல்லாயிரம் கோடி. கிருமி புகுந்தவை சில பத்து மட்டுமே. ஒரு வாரத்துக்குள் ரி-கலங்கள் அவற்றைத் தேடிப்பிடிக்க வேண்டும். இரத்தத்தில் எங்கோ சுற்றித்திரியும் காவலாளி இதற்கு உதவமாட்டான். மெல்பேர்ணில் வில்லியம் ஹீத் உள்ளிட்டோர் 2016 இல் வெளியிட்ட ஆய்வு, ஈரலிலேயே நிரந்தரமாகக் குடியிருந்து, அதன் நுண்ணிய இரத்தக்குழாய்களில் ஓயாது ரோந்து செல்லும் நினைவு ரி-கலங்கள் உண்டெனவும் எலிகளில் காப்பளிப்பவை அவையே எனவும் காட்டியது.

காக்கும் கையே அடிப்பதும் உண்டு. மலேரியாவின் நடுக்கமும் காய்ச்சலும் கிருமியின் செயல் மட்டுமல்ல, உடலின் எதிர்ப்பின் விளைவும்கூட. கொழும்புப் பல்கலைக்கழகத்தின் நதீரா கருணவீர, கமினி மெண்டிஸ் உள்ளிட்டோர் 1992 இல் வெளியிட்ட ஆய்வு இதனை அழகாகக் காட்டியது. வைவாக்ஸ் நோயாளியின் உடல்வெப்பம் ஏறி இறங்கும்போது, நிர்ப்பீடனக் கலங்கள் சுரக்கும் ரி.என்.எஃப். என்னும் பொருளின் அளவும் அதனுடன் ஒத்து ஏறி இறங்கியது. எலிகளில் மலேரியா மூளையைத் தாக்கும்போது அங்கே சேதம் விளைவிப்பவற்றுள் சி.டி.8 கலங்களும் அடங்கும். பல ஆண்டு நோய்க்குப் பின் உலர் வலயத்தவரின் உடல் கற்றுக்கொண்டதில் பாதி கிருமியை அடக்குவது என்றால், மறுபாதி தன் சினத்தை அடக்குவது.

தடுப்பூசியின் கதை

இத்தனை அறிவும் தடுப்பூசியாக மாற நெடுங்காலம் எடுத்தது. ஆர்.ரி.எஸ்-எஸ் என்ற தடுப்பூசியின் பெயரிலேயே ‘ரி’ என்ற எழுத்து ரி-கலத்தைக் குறிக்கிறது. 1980களில் தொடங்கிய அம்முயற்சி 1997 இல் ஏழு தொண்டர்களில் ஆறு பேரைக் காத்து நம்பிக்கை தந்தது. பின்னர் ஏழு ஆபிரிக்க நாடுகளில் 15 ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் பரிசோதிக்கப்பட்டபோது, நான்கு ஊசிகள் பெற்ற குழந்தைகளில் நான்கு ஆண்டுகளில் நோய்த்தாக்கங்களை அது 36 வீதமளவே குறைத்தது. ஆயினும், ஆபிரிக்காவில் 36 வீதம் என்பது ஆயிரமாயிரம் உயிர். 2021 ஒக்டோபரில் உலக சுகாதார நிறுவனம் அதைப் பரிந்துரைத்தது. ஒக்ஸ்போர்ட்டில் உருவாகி இந்தியாவின் புனேயில் தயாராகும் ஆர்21 தடுப்பூசி 2023 ஒக்டோபரில் பரிந்துரைக்கப்பட்டது.

இவ்விரண்டும் பெரிதும் பிறபொருளெதிரிகளையே நம்பியவை. ரி-கலங்களை வலுவாக எழுப்பும் முயற்சி முழுக் கிருமியைப் பயன்படுத்தும் பாதையில் நடக்கிறது. ஸ்டீபன் ஹொஃப்மனின் நிறுவனம் நுளம்பிலிருந்து பிரித்தெடுத்துக் கதிர்பாய்ச்சிய கிருமிகளைத் தொண்டர்களின் நாளத்தில் ஐந்துமுறை ஏற்றியபோது, ஆறு பேரில் ஆறு பேருமே காக்கப்பட்டதாக 2013 இல் அறிவிக்கப்பட்டது. ரூத் நுஸன்ஸ்வைக்கின் 1967 ஆம் ஆண்டு எலிகள் நாற்பத்தாறு ஆண்டுகளுக்குப் பின் மனிதரிடம் வந்து சேர்ந்தன. ஆயினும், அதனை ஆபிரிக்கக் கிராமமொன்றில் பெருமளவில் வழங்குவது இன்னும் கைகூடவில்லை. 2023 இல் மட்டும் உலகில் ஏறத்தாழ 6 இலட்சம் பேர் மலேரியாவால் மாண்டனர். பெரும்பாலோர் ஆபிரிக்கக் குழந்தைகள்.

நம் கணக்கு

மீண்டும் இலங்கைக்கு வருவோம். 1946 இல் டி.டி.ரி. தெளிப்பு நாடெங்கும் தொடங்கியது. 1963 இல் நாடு முழுவதிலும் பதிவான நோயாளிகள் 17 பேர் மட்டுமே. வெற்றி வந்துவிட்டதென்று தெளிப்பும் கண்காணிப்பும் தளர்ந்தன. 1969 இல் 5 இலட்சத்துக்கு மேற்பட்டோர் நோயுற்றனர். இடைப்பட்ட ஆண்டுகளில் பிறந்த பிள்ளைகளின் உடல்கள் மலேரியாவைக் கண்டதேயில்லை என்பதை இங்கு நினைவில் கொள்ளவேண்டும். 1987 இல் மீண்டும் 6 இலட்சத்தைத் தாண்டியது. போர்ச் செய்திகள் முதற்பக்கத்தை நிறைத்த அந்தக் காலத்தில் மலேரியாச் செய்திகளை நாங்கள் உட்பக்கத்தின் மூலையில் இரண்டு அங்குல இடத்தில் இட்டோம்.

அதன்பின் நடந்தது பெரும் சாதனை. போர்க்காலத்திலும் வடக்கு, கிழக்கின் சுகாதார ஊழியர்கள் இரத்தமெடுத்தார்கள், நுளம்புவலை கொண்டுசென்றார்கள். 2012 ஒக்டோபருக்குப் பின் உள்நாட்டில் தோன்றிய தொற்று பதிவாகவில்லை. 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது.

அந்த மகிழ்ச்சியினூடே ஒரு செய்தியை நாம் மறந்துவிடக்கூடாது. கொக்கும் சேர்ஜன்ட்டும் சொன்னபடி, சம்பாதித்த நிர்ப்பீடனம் கிருமியின் தொடர்ந்த வருகை இல்லாவிட்டால் தேய்ந்துபோகும். கிளிநொச்சியின் முதியவருக்கு ஒருகாலத்தில் இருந்த காப்பு இன்று அவரிடமே எவ்வளவு எஞ்சியிருக்கும் என்று சொல்வதற்கில்லை. அவரது பேரப்பிள்ளைகளிடம் அது அறவே இல்லை. 1934 இல் கேகாலை மட்டும் இருந்த நிலையில் இன்று முழு இலங்கையும் இருக்கிறது. அது குறையல்ல. எந்தப் பிள்ளையும் அந்தக் காப்பை மீண்டும் பழைய விலைக்கு வாங்கவேண்டியதில்லை என்பதே நமது பெருமை. ஆனால், அது எச்சரிக்கையும்கூட.

ஏனெனில், கிருமி நம் வாசலுக்கு அடிக்கடி வந்துகொண்டிருக்கிறது. ஆபிரிக்காவிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் திரும்புவோரிடம் ஆண்டுதோறும் மலேரியா கண்டறியப்படுகிறது. வைவாக்ஸ் வகை ஈரலில் மாதக்கணக்கில் உறங்கிவிட்டு எழும்பக்கூடியது. 2018 இன் இறுதியில் மொனராகலையில், வெளிநாட்டிலிருந்து வந்த நோயாளியின் கிருமி உள்ளூர் நுளம்பின் வழியாக இன்னொருவருக்குத் தொற்றியது. ஒரே ஒருவர்தான். உடனே கண்டறிந்து தடுத்துவிட்டார்கள். நுளம்பும் புதிதாக வந்திருக்கிறது. இந்திய நகரங்களில் கிணறுகளிலும் நீர்த்தொட்டிகளிலும் வளர்ந்து மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் ஸ்டெபென்சி என்னும் நுளம்பு, நாடு மலேரியா அற்றதென அறிவிக்கப்பட்ட அதே 2016 ஆம் ஆண்டின் இறுதியில் மன்னாரில் கண்டுபிடிக்கப்பட்டது. பின்னர் யாழ்ப்பாணத்திலும் காணப்பட்டது. ஆறு வற்றும்வரை காத்திருக்கவேண்டிய நுளம்பு அல்ல அது. கிணறு இல்லாத வீடு யாழ்ப்பாணத்தில் எத்தனை?

வெளிநாடு சென்று திரும்பியபின் காய்ச்சல் வந்தால், எங்கே போய்வந்தோம் என்பதை வைத்தியரிடம் முதலில் சொல்லவேண்டும், இரத்தத்தைச் சோதிக்கச் சொல்லிக் கேட்கவேண்டும். மலேரியா உள்ள நாட்டுக்குப் போகுமுன் தடுப்பு மாத்திரை பெறவேண்டும். அரசாங்கம் செய்யவேண்டியது இதனிலும் பெரியது. நோயாளியே இல்லாத நோய்க்கு ஏன் இத்தனை ஊழியர், ஏன் இத்தனை பணம் என்று திறைசேரியில் எவரோ ஒருவர் கேட்கும் நாள் வரும். 1963 க்குப் பின்னரும் அந்தக் கேள்வி எழுந்தது. அதற்கான பதில் 1969 இல் கிடைத்தது. நமது உடல்கள் மறந்துவிட்ட கிருமியை நினைவில் வைத்திருக்கும் கடமை இப்போது மலேரியாத் தடுப்பு இயக்கத்தின் கள ஊழியரிடமும் ஆய்வுகூடத்தில் நுணுக்குக்காட்டியின்முன் அமர்ந்திருப்பவரிடமுமே இருக்கிறது. அவர்களது கதிரைகளை வெறுமையாக்கிவிடக்கூடாது.